கதவைப் பார்த்த நான்கு கற்கள்

அந்த அக்காவின் டிபன் பாக்ஸ் மூடியில் ஓர் அம்புக்குறி இருக்கும். தண்ணீர் பாட்டிலில் ஒன்று, குடைப் பிடியில் ஒன்று, மகளின் பள்ளிக்கூட ஷூக்களின் உள்பக்கம் இரண்டு. எங்கள் துறையின் ஜெராக்ஸ் மெஷினில் தாளை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாமலே பல வருடம் ஓடியது. அவர் வந்த இரண்டாவது வாரம் அதன் மேல் கறுப்பு மார்க்கரில் ஓர் அம்பு முளைத்தது. அதற்குப் பிறகு யாரும் தாளை வீணாக்கவில்லை. துறைத்தலைவரின் பிறந்தநாளுக்கு வாங்கிய கேக் பெட்டியில்கூட அம்பு போட்டுத்தான் என் கையில் கொடுத்தார்.

"இந்தப் பக்கம் மேல சார். அந்தாண்ட சாச்சிட்டா கிரீம் எல்லாம் மூடிக்குப் பூடும்."

நான் சாய்த்துத்தான் எடுத்துப் போனேன். கிரீம் மூடிக்குத்தான் போனது. யார் சாய்த்தது என்று துறைத்தலைவர் கேட்டபோது, கடையிலேயே அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் கேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. நான் தென்காசியிலிருந்து வந்து, கரையான்சாவடியில் ஒரு மாடி அறையில் தங்கிக்கொண்டு, அங்கே நிலவியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். கல்லைப் படிக்கிற படிப்பு. அக்கா கரையான்சாவடியிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் மாமனாரின் நெல் வயல் இருந்த இடத்தில் இப்போது மூன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவர் எங்கள் துறைக்கு முதலில் கூட்டித் துடைக்க வந்தார். ஒப்பந்த ஆள் என்பதால் கழுத்தில் பச்சை நாடா. நிரந்தர ஊழியர்களுக்கு நீல நாடா.

கல் வெட்டும் மெஷினை ஓட்டியவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட, அந்த அறை நான்கு மாதம் பூட்டியே கிடந்தது. ஒருநாள் துடைக்கப் போன அக்கா, "இத்த நான் ஓட்டிப் பாக்கட்டா சார்?" என்று துறைத்தலைவரைக் கேட்டிருக்கிறார். அவரும் விளையாட்டாகச் சரி என்றிருக்கிறார். ஆறு மாதத்தில் எங்கள் எல்லோருடைய கல்லையும் அக்காதான் வெட்டிக்கொண்டிருந்தார். நாடா மட்டும் பச்சையாகவே இருந்தது.

கல் வெட்டுவது என்றால் சாதாரணமாக வெட்டுவதில்லை. கல்லை வில்லையாக அறுத்து, ஒரு முகத்தைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, மறுமுகத்தைத் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லியது. அதைத்தான் நாங்கள் ஸ்லைடு என்போம். கடைசித் தேய்ப்பைக் கையால்தான் தேய்ப்பார்கள். நான்கு சுற்று அதிகமானால் கல்லே காணாமல் போய்விடும். எப்போது நிறுத்துவது என்பதை மைக்ராஸ்கோப்பில் குவார்ட்ஸ் என்கிற கனிமத்தின் நிறத்தை வைத்துச் சொல்வோம். மஞ்சள் தெரிந்தால் இன்னும் தடிமனாக இருக்கிறது. வெளுத்த சாம்பல் வந்தால் நிறுத்திவிட வேண்டும். அந்த நிறத்துக்கு அக்கா வைத்த பெயர் பூண்டுத்தோல். "மஞ்ச போயிட்ச்சு சார், பூண்டுத்தோல் வந்துட்ச்சு, கீழ எறக்கிடட்டா?" என்று அடுப்பில் இருப்பதைக் கேட்பது போலக் கேட்பார். இன்று நான் வகுப்பில் மாணவர்களுக்கு இதே பூண்டுத்தோலைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். யார் சொன்னது என்பதைச் சொல்வதில்லை.

அம்புப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

"அம்பத்தூர் எஸ்டேட்ல கண்ணாடி பேக்கிங்ல இருந்தேன் சார். அம்பு போடாம ஒரு பொட்டி வெளிய போவாது. அப்பால கம்பெனிய மூடிட்டாங்க. கை மட்டும் சும்மா இருக்க மாட்டேங்குது."

எங்கள் வேலைக்கு அந்தக் கை அமைந்தது பெரிய அதிர்ஷ்டம். ஏன் என்று சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்பது புரியாது.

என் ஆராய்ச்சி ஜவ்வாது மலை அடிவாரத்துப் பாறைகளைப் பற்றியது. இருநூற்றைம்பது கோடி வருடங்களுக்கு முன் அந்தப் பக்கம் மிகப் பெரிய மலைத்தொடர் ஒன்று இருந்தது. நாம் இன்று கால் வைத்து நிற்கிற பாறை அப்போது அதன் வயிற்றுக்குள், பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டில் கிடந்தது. மேலே இருந்த மலையெல்லாம் கரைந்து போய்விட்டதால்தான் அது இப்போது வெயிலைப் பார்க்கிறது. அவ்வளவு ஆழத்தில் பாறை உடைவதில்லை. இரண்டு பக்கமும் எதிரெதிராக நகரும்போது நடுவில் மாட்டிய பாறை இழுபட்டு, பிசைபட்டு, மெதுவாக நகர்ந்து போகும். அதற்குள் இருக்கும் கார்னெட் என்கிற சிவப்பு மணி மட்டும் கெட்டி. அது இழுபடாமல் உருளும். உருளுகிற மணியின் இரண்டு பக்கமும் வால் போல ஒரு நீட்சி உண்டாகும். அந்த வால் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று ஸ்லைடில் பார்த்தால், மலையின் எந்தப் பக்கம் மேலே ஏறியது என்று சொல்லிவிடலாம். கிழக்கா, மேற்கா? என் மூன்று வருட உழைப்பும் இந்த ஒரு கேள்விதான்.

ஆனால் அதைச் சொல்ல, அந்தக் கல் மலையில் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் பாறையை உடைப்பதற்கு முன்னாலேயே, வானம் பார்த்த முகத்தில் வடக்கைக் காட்டி ஓர் அம்பு வரைவோம். அப்புறம்தான் சுத்தியல். அந்த அம்பு திரும்பிவிட்டால் கிழக்கு மேற்காகிவிடும்.

அக்காவுக்கு இதெல்லாம் கேட்கப் பிடிக்கும். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்ப்பார்.

"அவ்ளோ சூடுன்னா உருகிட்ருக்குமே சார்?"

"உருகலக்கா. கெட்டியா இருந்துக்கிட்டே வளைஞ்சிருக்கு."

"உருகாம எப்டி வளையும்?"

"அவசரப்படாம, விடாம அமுக்கிக்கிட்டே இருந்தா வளையும். லட்சக்கணக்கான வருசம்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "எங்க மாமியா மாதிரின்னு சொல்லு."

இன்னொரு நாள், அந்தப் பாறை எப்படி ஆறியது என்று கேட்டார். மெதுவாக ஆறும்போது கார்னெட்டின் ஓரம் பக்கத்துக் கனிமத்தோடு சரக்கு மாற்றிக்கொண்டு தன் பழைய சேர்மானத்தை இழந்துவிடும், பெரிய மணியாக இருந்தால் நடுப்பகுதி மட்டும் பழையபடி இருக்கும், அதை வைத்துத்தான் உச்சத்தில் எவ்வளவு சூடு என்று கணக்கிடுகிறோம் என்றேன். "அப்ப வெளிய ஆறிட்ச்சு, உள்ள ஞாபகம் கீது" என்றார். பரீட்சையில் எழுதினால் மார்க் போட வேண்டிய பதில். நான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

வெட்டிய பிறகு மிஞ்சும் கல்லைப் பழைய ஆள் குப்பையில் போட்டுவிடுவார். அக்கா போடமாட்டார். மிச்சக்கல் என்று அவற்றுக்கென்றே ஒரு ஷெல்ஃபை ஒதுக்கி வைத்திருந்தார். எல்லாக் கல்லின் மேலும் அம்பு இருக்கும், எல்லா அம்பும் நிஜமான வடக்கையே பார்த்திருக்கும். எங்கள் அறையில் வடக்கு ஜன்னல் பக்கம், தெற்கில் கதவு. ஷெல்ஃபில் இருக்கும் எங்கள் கல் அனைத்தும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். "மலைல எப்டி இருந்துச்சோ அப்டியே குந்தட்டும் சார். அதுக்கும் பழக்கமா இருக்கும்ல" என்பார். நாங்கள் கேலி செய்வோம். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

இனி மழை நாள்.

ஜவ்வாது அடிவாரத்தில் ஓர் ஓடைக்கரையில் ஐந்து கல் எடுத்தேன். அம்பு வரைந்துதான் எடுத்தேன், அது சத்தியம். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தையும் ஒரே சாக்கில் போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு, சேற்றில் இறங்கி, லாட்ஜுக்கு வந்து கொட்டினால் ஒன்றின் மேலும் அம்பைக் காணோம். ஈரமும் உரசலும் சேர்ந்து எடுத்துவிட்டன. அம்பு அழிந்த கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி போய் எடுக்க வேண்டும். எங்கள் படிப்பில் முதல் வருடப் பையனுக்கே தெரிந்த பாடம் அது. எனக்கு மறுபடி அந்தச் சேற்றில் இறங்க மனமில்லை. எந்தப் பக்கம் பார்த்து நின்று உடைத்தேன் என்பது நினைவிருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, ஐந்திலும் புதிதாக, நல்ல அழுத்தமாக அம்பு வரைந்தேன். அந்தப் பாறை செங்குத்தாக நின்ற பாறை. சாய்ந்த பாறையாக இருந்தால் சாய்வை வைத்துச் சரிபார்த்திருக்கலாம். இதில் என் அம்பை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

அப்படித்தான் நினைத்தேன். கல் காய்ந்ததும் பழைய மையின் தடம் லேசாகத் திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"சார், இங்க வாயேன்." மேஜை விளக்குக்குக் கீழே கல்லைச் சாய்த்துப் பிடித்திருந்தார். "இதுல ரெண்டு அம்பு கீது. ஒண்ணு ஜன்னலப் பாத்தா ஒண்ணு கதவப் பாக்குது. எது உன்து?"

பார்த்தேன். சாம்பல் நிறத்தில், கவனமாகப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, என் முதல் அம்பு. நேரெதிர்த் திசையில். ஓடையின் இந்தக் கரையில் நின்றதை அந்தக் கரை என்று நினைத்து வரைந்திருக்கிறேன் என்பதை அப்போதே யோசித்துப் புரிந்துகொண்டிருக்கலாம்.

"ரெண்டும் என்னுதுதாங்க்கா. அழுத்தமா இருக்கறதை வெச்சு வெட்டுங்க."

"மொதல்ல போட்டது எது சார்?"

"அக்கா, எனக்கு ரிவ்யூ வருது. வெட்டுங்கன்னா வெட்டுங்களேன்."

குரலை உயர்த்திவிட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "உன் கல்லு சார். நீ சொல்றதுதான்" என்று மெஷினைப் போட்டார்.

ஐந்தில் ஒன்று விரிசல் விட்டிருந்ததால் அறுக்கும்போதே உடைந்துவிட்டது. அதில் ஸ்லைடு எடுக்க முடியவில்லை. ஆனால் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கார்னெட் அதில் இருந்தது. "இத்த நான் எட்துக்கட்டா சார்? செவப்பா அழகா கீது" என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மற்ற நான்கும் ஸ்லைடாகி, மிச்சக்கல் ஷெல்ஃபுக்குப் போயின. இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். பழைய பத்துக் கல்லின் அம்பும் ஜன்னலைப் பார்க்க, இந்த நான்கின் அழுத்தமான அம்புகள் மட்டும் கதவைப் பார்த்தன.

"திருப்பி வெச்சிருக்கீங்கக்கா."

"இல்ல சார், கரீட்டா தான் கீது" என்றார். என் சொல்படி வெட்டினார், ஆனால் மங்கிய அம்பைத்தான் நம்பினார். வெட்டச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. ஷெல்ஃப் அவருடையது.

அந்தச் சமயத்தில்தான் துறைத்தலைவர் அக்காவின் பெயரை நிரந்தரப் பணிக்கு எழுதி அனுப்பியிருந்தார். தொழில்நுட்ப உதவியாளர். இரண்டு வாரத்தில் நேர்காணல். அக்கா எங்கள் எல்லோரிடமும் அதைச் சொன்னார், காண்டீனிலும் சொன்னார், வாசலில் செக்யூரிட்டியிடமும் சொன்னார். "நீல நாடா வந்துட்ச்சின்னா எங்க மாமியா கையிலதான் குட்த்து மாட்டிவுடச் சொல்லுவேன். 'கூட்ற வேலைக்கு இவ்ளோ சீக்கிரம் போணுமா'ன்னு கேட்டுகினே கீது. அது கையாலயே மாட்டட்டும்."

நேர்காணலுக்கு நான்கு நாள் முன்னால் என் ரிவ்யூ. வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். பதினான்கு ஸ்லைடையும் வரிசையாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரே பாறை. பத்து ஸ்லைடு கிழக்குப் பக்கம் ஏறிச்சுங்குது. நாலு ஸ்லைடு மேற்குங்குது. எதை நம்பறது தம்பி?"

எந்த நான்கு என்று எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. லாட்ஜ் கட்டில் கண்முன் வந்தது. இரண்டு வழி இருந்தது. அம்பு அழிந்த கல்லுக்கு ஞாபகத்திலிருந்து அம்பு வரைந்தேன் என்று சொன்னால் நான்கு ஸ்லைடு போகும், அதோடு மற்றப் பத்தின் மேலும் சந்தேகம் விழும், ஒரு வருடம் பின்னால் போவேன். இன்னொரு வழியும் இருந்தது. வில்லையின் மறுமுகத்தைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாலும் இதே மாதிரி இடம் வலமாகத் தெரியும். நடக்கக்கூடிய தவறுதான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"ஒட்டும்போது முகம் மாறியிருக்கலாம் சார். செக்‌ஷன் கட்டிங்ல" என்றேன்.

சொல்லி முடித்தபோது குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். கையில் கல் தூளோடு வந்து நின்றார்.

"இந்த நாலையும் முகம் மாத்தி ஒட்டிட்டியாம்மா?" துறைத்தலைவர் கேட்டார்.

"இல்ல சார். நான் மாத்த மாட்டேன்." என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, "மிச்சக்கல்லு கீது சார். எட்துகினு வரட்டா? பாத்தாலே தெரியும்" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "மிச்சக்கல்லை வெச்சு எந்த முகம் ஒட்டினதுன்னு சொல்ல முடியாது சார்."

அது உண்மை. எந்த முகத்தை ஒட்டினார்கள் என்று மிச்சக்கல் சொல்லாது. ஆனால் அக்கா காட்ட நினைத்தது முகத்தை இல்லை, இரண்டு அம்பை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. பேராசிரியர் தலையை ஆட்டினார். "சரிம்மா, போ. இனிமே பார்த்துச் செய்" என்றார் துறைத்தலைவர். அக்கா போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பக் காத்திருந்து, ஷெல்ஃபிலிருந்து அந்த நான்கு கல்லையும் எடுத்து, லேப்டாப் பையில் போட்டுக்கொண்டேன். கரையான்சாவடியில் இறங்கினேன். அப்போது மெட்ரோவுக்குத் தூண் எழுப்ப ரோட்டின் நடுவில் தோண்டிக்கொண்டிருந்த காலம். தகரத் தடுப்புக்கு இடையில் ஓர் இடைவெளி. பள்ளத்தில் ஏற்கெனவே கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. ஹாரன் சத்தத்தில் கல் விழுந்த ஓசைகூடக் கேட்கவில்லை. எதிரில் டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். சர்க்கரை அதிகம் என்று மாஸ்டரிடம் குறை சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை அக்கா என் மேஜைக்கு வந்தார்.

"சார், ஷெல்ஃபுல நாலு கல்லு காணோம். நீ எதுனா பாத்தியா?"

"இல்லையேக்கா."

அவர் உடனே போய்விடவில்லை. டஸ்டர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு சார்" என்றார்.

"நான் எதுக்குக்கா அதை எடுக்கப் போறேன்?"

"சரி சார்."

நேர்காணலில் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்களாம். எந்தக் கேள்வி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீல நாடா வரவில்லை. கல் வெட்டும் அறைக்கு வேறு ஆளைப் போட்டார்கள். அக்காவை மறுபடி கூட்டித் துடைக்கச் சொன்னார்கள். அந்த மாதம் முடிய வந்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலையிலிருந்து நின்றுவிட்டார். நின்ற நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும், "வரேன் சார், சாப்புடாம கெடக்காத" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இத்தனை வருடத்தில் நான் அவர் மேல் எப்படியாவது ஒரு கோபத்தை உண்டாக்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் ஆய்வேடு நன்றாக வந்தது. நான்கு ஸ்லைடையும் இடம் வலம் மாற்றிப் படித்ததில் பதினான்கும் ஒரே பேச்சு பேசின. கிழக்குப் பக்கம்தான் ஏறியது. விடை சரி. பிறகு அந்தப் பக்கம் வேலை செய்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். விடை சரியாக இருப்பதால் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அங்கே ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது: 'இந்த நான்கு ஸ்லைடுகள் தயாரிப்பின்போது வெட்டியவரின் கவனக்குறைவால் முகம் மாற்றி ஒட்டப்பட்டவை.' நன்றியுரையில் நெறியாளர், பெற்றோர், அறைத்தோழன், லாட்ஜ் மேனேஜர்வரை பெயர் போட்டிருக்கிறேன்.

இப்போது வேறொரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் ஒரு பிளாட் வாங்கினோம். சமையல் மேடைக்கு கிரானைட் பார்க்க, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பெரிய கடைக்கு மனைவியோடு போன மாதம் போயிருந்தேன். மெட்ரோ தூண்களெல்லாம் எழும்பி நின்றுவிட்டன. கரையான்சாவடியைத் தாண்டும்போது எந்தத் தூணுக்கு அடியில் என்று எண்ண ஆரம்பித்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

கடையின் பின்பக்கம் பெரிய பெரிய பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே சாக்பீஸோடு நின்றுகொண்டு இரண்டு ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தவர் அக்கா.

"சார்! நல்லாக்கீறியா? இளச்சிட்டியே!"

உண்மையாகவே சந்தோஷப்பட்டார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மடிப்பு மடிப்பாக ஓடிய ஒரு பலகையின் முன் அழைத்துப் போய், சிவப்பு மணிகளைக் காட்டினார். "இத்தப் பாருங்க மேடம். இது உருகல. மலைக்கு உள்ள கெட்டியா இருந்துகினே வளஞ்சது. இந்தச் செவப்பு கார்னெட்டு. சுத்தி எல்லாம் ஓடும், இது மட்டும் உருளும். சார்தான் எனக்குச் சொன்னாரு." என் மனைவி என்னைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் நான் பலகையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மனைவி வேறு பலகை பார்க்க நகர்ந்தபோது அருகில் போனேன். வருடக்கணக்காக மனதில் ஓட்டிப் பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. ஆய்வேட்டைத் திருத்தச் சொல்லி பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும் என்று. ஆனால் வாயில் வந்தது அதன் கடைசித் துண்டு மட்டும்.

"அக்கா... அந்த உடைஞ்ச கல், நீங்க எடுத்துட்டுப் போனது, இருக்கா?"

"ஊட்லதான் கீது சார். டிவி பக்கத்துல. ரெண்டு அம்பும் அப்டியே கீது."

"அதை எனக்குத் தர முடியுமா?"

அக்கா சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

"எதுக்கு சார்? அத்தயும் பள்ளத்துல போடவா?"

நான் அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தேன்.

"அன்னிக்கு நான் எதிர்ல பஸ் ஸ்டாப்புல நின்னுகினு இருந்தேன் சார். மறுநாளு வந்து கேட்டேனே, நீ சொல்லுவேன்னுதான் கேட்டேன்."

மனைவி திரும்பி வந்திருந்தாள். "எதைப் பள்ளத்துல போட்டீங்க?" என்று என்னிடம் கேட்டாள், சிரித்தபடி, ஏதோ பழைய வேடிக்கைக் கதை கேட்கிற ஆவலோடு.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடியும் நான் சொல்வேன் என்றுதான் காத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "ஏதோ பழைய சாம்பிள்."

அக்கா தலையை ஆட்டிவிட்டு, நாங்கள் தேர்ந்தெடுத்த பலகையின் பின்பக்கம் போனார். சாக்பீஸால் பெரிதாக ஓர் அம்பு வரைந்தார். "இதான் செவுத்துப் பக்கம் மேடம். ஒட்ற ஆளு வந்தா காட்டிடுங்க. மாத்தி ஒட்டிட்டு அப்பால எங்க மேல சொல்லக் கூடாது." என் மனைவியிடம்தான் சொன்னார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

மேடை சரியாகவே பொருத்தப்பட்டுவிட்டது. சாக்பீஸ் அம்பு அடிப்பக்கம் இருக்கிறது. காஸ் குழாய் மாற்றக் குனிந்தால் தெரிகிறது. அந்த அடிக்குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்: 'இந்த நான்கு கற்களிலும் அம்பு அழிந்தது. இரண்டாவது அம்பைத் தவறாக வரைந்தவன் நான். முதல் அம்பைக் கண்டு எனக்குச் சொன்னவர், இவற்றை வெட்டியவர்.' அதற்கு அடுத்து அவர் பெயர் வர வேண்டும். பெயரைப் போடுவதற்கு முன் அவரைப் போய்ப் பார்த்து, கல் காணோம் என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னும் போகவில்லை. தூரம் என்று சொல்ல முடியாது, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறது.